கார்மெல் கடற்கரைக்கு ஆர்வியில் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவில் மான்டரே தீபகற்பத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு சதுர மைல் பரப்பில் இருக்கும் சின்ன ஊர் கார்மெல்-பை-தி-சீ. சுமார் 3,200 பேர்தான் குடியிருக்கிறார்கள். வெள்ளை மணல், சைப்ரஸ் மரங்கள், ஓவியக் கூடங்கள், ஒரு இரவுக்கு நானூறு ஐந்நூறு டாலர் கேட்கும் விடுதிகள். சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கமிருந்து குடும்பத்தோடு ஆர்வி, அதாவது மோட்டார்ஹோம், வாடகைக்கு எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கார்மெல் ஊருக்குள்ளேயே ஆர்வியை நிறுத்தித் தங்கலாமா?

முடியாது. ஊருக்குள் ஆர்வி முகாமே கிடையாது. தெருவோரம் வண்டியில் படுத்துத் தூங்கவும் அனுமதி இல்லை. மான்டரே நகரத்திலும் தெருவோரம் தூங்க அனுமதி இல்லை.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தத் தெருக்களுக்குள் பெரிய வண்டியை விடவே கூடாது. கார்மெலில் மரங்களை வெட்ட விடமாட்டார்கள். பைன், ஓக் கிளைகள் சாலைக்கு மேல் தாழ்ந்து நிற்கும். சில இடங்களில் மரமே பாதையின் நடுவில் நிற்கும், தார் போட்டவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார்கள். குடியிருப்புத் தெருக்களில் நடைபாதையும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. வீடுகளுக்குக் கதவிலக்கமே இல்லாமல் நூறாண்டு ஓட்டிய ஊர் அது. வழி தவறினால் பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாடகை ஆர்வியின் உயரம் 11 முதல் 12 அடி. கூரையில் ஏசி பெட்டியும் காற்றுத் துளை மூடிகளும் துருத்திக்கொண்டிருக்கும். ஒரு ஓக் கிளை போதும், மூடி பெயர்ந்துவிடும். கூரைச் சேதத்தைப் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் ஏற்பதில்லை. அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான்.

ஆகவே திட்டமிடும்போதே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ஆர்வி என்பது வீடு, ஊர் சுற்றும் கார் அல்ல. வீட்டை ஊருக்கு வெளியே நல்ல இடத்தில் போட்டுவிட்டு, ஊருக்கு வேறு வழியில் போக வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதை ஒட்டியே இருக்கும்.

அப்படியானால் எங்கே போடுவது?

கார்மெலுக்கு மிக அருகில், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என எல்லா இணைப்பும் உள்ள இடம் வேண்டுமென்றால் கார்மெல் பள்ளத்தாக்கில் ஷுல்ட்டி சாலையில் இருக்கும் 'கார்மெல் பை தி ரிவர்' ஆர்வி பூங்கா. ஹைவே 1-லிருந்து கார்மெல் வேலி சாலையில் சுமார் 4½ மைல் உள்ளே. இடங்கள் குறைவு, சீக்கிரம் நிறைந்துவிடும். கடற்கரை மூடுபனியில் மூழ்கிக் கிடக்கும் நாளிலும் இங்கே பெரும்பாலும் வெயில் அடிக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். ஒரே எச்சரிக்கை மழைக்காலம். 2023 தொடக்கத்தில் வந்த புயல் மழையில் கார்மெல் ஆற்றங்கரையின் தாழ்வான பகுதிகளிலிருந்து மக்களை வெளியேறச் சொன்னார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை போவதாக இருந்தால் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடல் சத்தம் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு மரீனா ஊரில் உள்ள மரீனா டியூன்ஸ் ஆர்வி பூங்கா. முழு இணைப்பு உண்டு. மணல்மேட்டைத் தாண்டினால் கடல். சாயங்காலம் காற்று பலமாக அடிக்கும். வண்டியின் பக்கவாட்டுத் துணிப் பந்தலை விரித்துவிட்டு வெளியே போனால் திரும்பி வரும்போது கம்பி வளைந்திருக்கும். ஹைவே 1 வழியாகக் கார்மெலுக்குச் சுமார் 14 மைல்.

லகுனா செகா, ஹைவே 68-ஐ ஒட்டிய குன்றின் மேல் இருக்கிறது, மாவட்ட நிர்வாகத்தின் இடம். மின் இணைப்புள்ள இடங்கள் உண்டு. ஆனால் பக்கத்திலேயே கார்ப் பந்தயத் தடம். பந்தய நாளில் காலையிலிருந்தே இன்ஜின் இரைச்சல். முன்பதிவுக்கு முன்னால் அந்த வாரத்துப் பந்தய அட்டவணையைப் பாருங்கள்.

மான்டரே நகர நிர்வாகத்தின் வெட்டரன்ஸ் மெமோரியல் பார்க் மரங்கள் அடர்ந்த குன்று, நகர மையத்துக்கு நடந்தே இறங்கிவிடலாம். மின்சாரமோ தண்ணீர் இணைப்போ இல்லை. இடங்கள் சிறியவை, வேன் அளவு வண்டிக்குத்தான் சரிவரும்.

கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால், தெற்கே 26 மைலில் ஃபைஃபர் பிக் சர் மாநிலப் பூங்கா, ரெட்வுட் எனப்படும் செங்கட்டை மரங்களுக்கு நடுவே. இணைப்புகள் கிடையாது. கைபேசி சிக்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். வடக்கே வாட்சன்வில் பக்கம் சன்செட் ஸ்டேட் பீச், கேபிடோலாவில் நியூ பிரைட்டன் ஸ்டேட் பீச். பழைய பயணக் குறிப்புகளில் சீக்ளிஃப் ஸ்டேட் பீச்சில் அலைக்கு எதிரே ஆர்வி நிறுத்தலாம் என்று எழுதியிருப்பார்கள். 2023 ஜனவரிப் புயல் அந்த முகாமை நாசம் செய்துவிட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

முன்பதிவு எப்போது செய்ய வேண்டும்?

மாநிலப் பூங்காக்களுக்கு 'ரிசர்வ் கலிபோர்னியா' தளத்தில் ஆறு மாதம் முன்னதாக, பசிபிக் நேரம் காலை 8 மணிக்கு இடங்கள் திறக்கும். கோடை வார இறுதிகள் சில நிமிடங்களில் போய்விடும். முந்தைய நாளே கணக்கு தொடங்கி, வண்டியின் வகை, நீளம் எல்லாம் நிரப்பி வைத்துவிட்டு 7:55-க்கு உட்காருங்கள். இடம் கிடைக்காவிட்டால் ஞாயிறு முதல் வியாழன் வரை தேடிப் பாருங்கள். பயணத் தேதிக்கு ஓரிரு வாரம் முன்பு, திட்டம் மாறியவர்கள் ரத்து செய்யும் இடங்களும் வரும்.

தனியார் பூங்காக்களில் தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது. தளத்தில் 'நிரம்பிவிட்டது' என்று காட்டும் நாளுக்குக்கூட, 'எங்கள் வண்டி 25 அடிதான்' என்று சொன்னால் ஒரு சின்ன இடம் அகப்படுவது உண்டு.

எந்த அளவு வண்டி எடுப்பது?

நான்கு பேருக்கு 25 அடி 'கிளாஸ் சி' போதும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே கட்டில் துருத்திக்கொண்டிருக்குமே, அந்த வகை. இரண்டு பேர் என்றால் 19 முதல் 21 அடி 'கிளாஸ் பி' வேன் எடுங்கள். வாடகை கூடுதல்தான், ஆனால் இந்தப் பக்கத்துச் சாலைகளில் நிம்மதி. 30 அடிக்கு மேல் போனால் தங்குமிடத் தேர்வு சட்டென்று சுருங்கிவிடும். ஃபைஃபர் பிக் சரில் ஆர்விக்கு உச்ச வரம்பு 32 அடி, டிரெய்லர் எனப்படும் இழுவை வண்டிக்கு 27 அடி. முன் பம்பரிலிருந்து பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கி வரை அளக்க வேண்டும். விளம்பரத்தில் 25 அடி என்று போட்டிருக்கும் வண்டி ஒன்றரை அடி கூடுதலாக இருப்பது சாதாரணம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. 'ஆறு பேர் படுக்கலாம்' என்றால் ஆறு பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்று பொருள் இல்லை. பெல்ட் எண்ணிக்கையைத் தனியாகக் கேளுங்கள். குழந்தைக்கான கார் இருக்கையை முன்னோக்கிய இருக்கையில்தான் பொருத்த வேண்டும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இருக்கும் சோபாவில் பொருத்தக் கூடாது.

தனி லைசென்ஸ் வேண்டுமா?

40 அடி வரை சாதாரண கலிபோர்னியா கார் லைசென்ஸ் போதும். ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருக்கும் அப்பாவோ அண்ணனோ இந்திய லைசென்ஸில் ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வாடகை நிறுவனம் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்கலாம். அதை இந்தியாவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர், அக்டோபர். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு கொதிக்கும். அந்த வெப்பக் காற்று மேலெழ, குளிர்ந்த கடலின் மேல் உருவான மூடுபனி கரைக்கு இழுபடும். சான் ஹோசேயில் 35 டிகிரி அடிக்கும் நாளில் கார்மெல் கடற்கரையில் 17 டிகிரியில் ஸ்வெட்டர் போட்டு நிற்பீர்கள். மதியம் கொஞ்சம் விலகும், சில நாள் விலகவே விலகாது. கோடையென்று மெல்லிய சட்டையோடு வந்து, கடைத்தெருவில் விலை உயர்ந்த ஸ்வெட்டர் வாங்குவோர் தினமும் உண்டு.

ஆகஸ்ட் நடுவில் வரும் கார் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். 1950 முதல் நடந்துவரும் பெபிள் பீச் கான்கோர்ஸ் பழைய கார் கண்காட்சியை ஒட்டி அந்த வாரம் முழுவதும் தீபகற்பமே அடைத்துக்கொள்ளும். முகாம் கட்டணமும் எகிறும். குளிர்காலக் கடைசியில் நடக்கும் பெபிள் பீச் கோல்ஃப் போட்டி வாரமும் அப்படியே.

எந்தச் சாலை வழியாகப் போவது?

சான் ஹோசேயிலிருந்து 101 தெற்கே, ப்ரூன்டேலில் 156 மேற்கே, காஸ்ட்ரோவில்லில் ஹைவே 1 தெற்கே. மொத்தம் 75 மைலை ஒட்டி. 156-இல் ஒரு பகுதி போகவும் வரவும் ஒவ்வொரு தடம்தான். வெள்ளி மாலையும் ஞாயிறு மதியமும் ஊர்ந்துதான் போக முடியும். வெள்ளி மதியத்துக்கு முன்பே அதைக் கடந்துவிடுங்கள். வரைபடச் செயலி ஹைவே 17 வழியாக சாண்டா குரூஸ் போகச் சொன்னால் கேட்காதீர்கள். செங்குத்தான வளைவுகள், குறுகிய தடங்கள், பின்னால் விரட்டும் கார்கள். முதல்முறை ஆர்வி ஓட்டுகிறவருக்கு அது வேண்டாம்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்தால் 101-இலேயே சாலினாஸ் வரை வந்து, அங்கிருந்து ஹைவே 68.

பிக் சர் மலைச்சாலையில் ஆர்வியை ஓட்டலாமா?

ஃபைஃபர் பிக் சரில் இடம் கிடைத்திருந்தால் வடக்கிலிருந்து அந்தப் பூங்கா வரை ஓட்டலாம். 25 அடி வண்டி போய்வரும். அதற்கும் தெற்கே வேடிக்கை பார்க்க மட்டும் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. தெற்கு நோக்கிப் போகும்போது உங்கள் தடம் கடல் பக்கம், கீழே பாறை. 1932-இல் கட்டிய பிக்ஸ்பி பாலத்தில் எல்லோருக்கும் படம் எடுக்க ஆசை. ஆனால் அங்குள்ள மண் ஒதுக்கிடத்தில் கார்களே முட்டிக்கொள்கின்றன, ஆர்வி நுழைந்தால் வெளியே எடுக்க முடியாது. கார்மெலிலிருந்து 13 மைல்தான், சின்னக் காரில் காலை எட்டு மணிக்குள் போய்வாருங்கள்.

இந்தச் சாலை அடிக்கடி சரியும். 2017-இல் மட் கிரீக், 2021-இல் ராட் கிரீக், 2023-இல் பால்ஸ் ஸ்லைடு, 2024-இல் ரீஜென்ட்ஸ் ஸ்லைடு என்று ஒன்று மாற்றி ஒன்று மாதக்கணக்கில் பாதையை மூடியிருக்கின்றன. புறப்படும் காலையில், மாநிலச் சாலைத் துறையான கால்டிரான்ஸின் 'குவிக்மேப்' சாலை நிலவர வரைபடத்தைப் பாருங்கள்.

மெதுவாகப் போவது தப்பில்லை. ஆனால் இருவழிச் சாலையில் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஒதுக்கிடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். அந்த ஒதுக்கிடங்களில் இரவு தங்கக் கூடாது. தடை என்று பலகை இருக்கும், அபராதமும் பெரிது.

திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் இடிக்கிறதே, ஏன்?

கிளாஸ் சி வண்டியில் பின் அச்சுக்குப் பின்னால் ஏழெட்டு அடி நீண்டிருக்கும். வலது பக்கம் ஒடித்தால் அந்த வால் இடது பக்கம் வீசும். அச்சுக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு மூன்று அடிக்கும் சுமார் ஒரு அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதாவது இரண்டு அடிக்கு மேல் வெளியே போகும். பெட்ரோல் பங்கில்தான் இது அதிகம் நடக்கிறது. எரிபொருள் போட்டுவிட்டு, பம்ப்பிலிருந்து விலக வேண்டும் என்ற அவசரத்தில் உடனே ஸ்டீயரிங்கை ஒடிப்பார்கள். முன்பக்கம் அழகாக விலகும். பின்மூலை பம்ப்பைக் காக்கும் மஞ்சள் இரும்புத் தூணில் போய் உரசி, பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு போகும். வண்டியின் பின் சக்கரம் தூணைத் தாண்டும் வரை நேராகவே ஓட்டுங்கள், பிறகு மெல்லத் திருப்புங்கள். பின்னோக்கி எடுக்கும்போது ஒருவர் இறங்கி ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த அந்த நொடியே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

ஆர்வியை விட்டுவிட்டு ஊரை எப்படிச் சுற்றுவது?

இரண்டு குடும்பமாகப் போனால் ஒரு குடும்பம் காரில் வருவதே சுலபம். இல்லையென்றால் மான்டரே விமான நிலையத்தில் ஒரு நாளைக்குக் கார் எடுங்கள். மான்டரே–சாலினாஸ் டிரான்ஸிட் பேருந்துகளும் ஓடுகின்றன. நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். மரீனாவில் தங்கினால் சைக்கிள் கொண்டுபோகலாம்: காஸ்ட்ரோவில்லிலிருந்து பசிபிக் குரோவ் வரை கடலை ஒட்டி 18 மைல் சைக்கிள் பாதை இருக்கிறது, மான்டரே பே அக்வேரியம் அதன் ஓரத்திலேயே.

17-மைல் டிரைவ் தனியார் சாலை. காருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, சைக்கிளுக்கு இல்லை, மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. பாயின்ட் லோபோஸ் காப்பகத்துக்குள் பெரிய ஆர்வியை விடமாட்டார்கள். அங்கே நிறுத்துமிடம் மிகக் குறைவு, வார இறுதியில் காலையிலேயே நிறைந்துவிடும். நாய் இருந்தால் வண்டிக்குள் வைத்துக்கொண்டுகூட உள்ளே போக முடியாது. நாய்க்குக் கார்மெல் கடற்கரைதான் சொர்க்கம், சொன்ன பேச்சைக் கேட்கும் நாயைக் கயிறில்லாமல் ஓடவிடலாம்.

மின் இணைப்பில் அடிக்கடி ஃப்யூஸ் போவது போல நின்றுவிடுகிறதே?

ப்ரேக்கர் விழுகிறது. 25 அடி வண்டிக்கு 30 ஆம்ப் இணைப்பு. 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட்தான். கூரை ஏசி 1,500 வாட், மைக்ரோவேவ் 1,500 வாட். அவை ஓடும்போது 1,500 வாட் மின்கெட்டிலை வைத்தால் முடிந்தது. இன்டக்ஷன் அடுப்பு தனியாளாக 1,800 வாட் கேட்கும். ஒரு நேரத்தில் பெரியவை இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே அரைக்காது. சட்னிக்கு வேண்டியதை வீட்டிலேயே அரைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும் வரிசை முக்கியம். முகாமின் மின்கம்பத்திலுள்ள ப்ரேக்கரை முதலில் அணைத்து, திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பியைச் செருகி, அதில் வண்டியின் கம்பியைச் செருகி, பிறகுதான் ப்ரேக்கரைப் போட வேண்டும். அணைக்காமல் செருகினால் பொறி பறந்து பிளக்கின் முனைகள் கருகும். கருகிய பிளக் சூடாகும், கடைசியில் உருகும்.

நம் சமையல் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் தாளிப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன இடத்தில் கடுகும் மிளகாயும் வெடித்தால் மெத்தை, திரை எல்லாம் மணக்கும். சில நிறுவனங்கள் வாடைக்கென்று துப்புரவுக் கட்டணம் போடும். மடக்கு மேசையில் கையடக்க புரொபேன் அடுப்பை வைத்தால் போதும். உள்ளே சமைத்தால் மேல் மின்விசிறியைப் போட்டு ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கேஸ் அடுப்பைக் குளிர்காய மட்டும் ஒருபோதும் கொளுத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொல்லும். எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

இட்லி மாவை வீட்டிலேயே புளிக்க வைத்து எடுத்து வாருங்கள். கடற்கரை இரவில் வெப்பம் 12 டிகிரிக்கு இறங்கும், மாவு பொங்காது. வீட்டுக் குக்கரின் அடி ஆர்வி அடுப்பின் சின்னக் கம்பிச் சட்டத்தில் உட்காருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று லிட்டர் குக்கர் சரியாக இருக்கும்.

பாத்திரம் கழுவுவதில்தான் வில்லங்கம். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, எண்ணெய் எல்லாம் சாம்பல் தொட்டி எனப்படும் கிரே டேங்க்கில் போய்த் தேங்கும். அங்கே கெட்டுப்போன சோற்றின் நாற்றம் இரண்டாம் நாள் பாத்திரம் கழுவும் தொட்டியின் துளை வழியாகவே மேலே ஏறும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத் துண்டால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள். தொட்டித் துளையில் ஒரு சல்லடை கட்டாயம்.

ஃபிரிட்ஜ் குளிரவில்லையே?

மின்சாரம், கேஸ் இரண்டிலும் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் உள்ளே அமோனியாக் கரைசல் ஓடாது. சக்கரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் மட்டக் கட்டைகளை வைத்துச் சமன் செய்யுங்கள். இந்த வகை குளிர 12 மணி நேரமாவது பிடிக்கும். முந்தைய நாள் இரவே போட்டுவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை மட்டும் வையுங்கள்.

இணைப்பு இல்லாத முகாமில் தண்ணீர் எத்தனை நாள் வரும்?

நாற்பது கேலன், அதாவது 150 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி, நாலு பேருக்குச் சிக்கனமாக இரண்டு நாள். நனைத்துக்கொண்டு குழாயை மூடி, சோப்புப் போட்டு, பிறகு அலசினால் ஒருவர் குளியல் எட்டுப் பத்து லிட்டரில் முடியும். வென்னீர்த் தொட்டி ஆறு கேலன்தான் என்பதால் அதற்கு மேல் சூடும் வராது. பூங்காவில் குளியலறை இருந்தால் அங்கே குளித்துவிடுங்கள். நல்ல தண்ணீர் தீரும் முன்பே கழிவுநீர்த் தொட்டி நிறைந்து குளியல் தரையில் ஏறுவதும் உண்டு.

குழாய் இணைப்பு உள்ள இடத்தில் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வைக் குழாய் முனையில் மாட்டிய பிறகே வெள்ளை நிறக் குடிநீர்க் குழாயை மாட்டுங்கள். அந்த வால்வு தண்ணீர் அழுத்தத்தை 50 பி.எஸ்.ஐ. அளவில் நிறுத்தும். இல்லையென்றால் வண்டிக்குள் ஏதாவது ஒரு பிளாஸ்டிக் இணைப்பு பிய்த்துக்கொள்ளும்.

ஜெனரேட்டரை மாநிலப் பூங்காக்களில் காலை 10 முதல் இரவு 8 வரைதான் ஓட்டலாம். இரவு 10-க்கு மேல் பேச்சுச் சத்தமும் கூடாது. ஹீட்டரின் விசிறி பேட்டரியில் ஓடுவது. அதனால் 8 மணிக்குள் ஒரு மணி நேரமாவது ஜெனரேட்டரைப் போட்டு பேட்டரியை நிரப்பிவிடுங்கள், விடியற்காலைக் குளிருக்கு அது வேண்டும்.

கழிவுத் தொட்டியைக் காலி செய்வது எப்படி?

எல்லோரும் பயப்படும் வேலை, பதினைந்து நிமிடத்தில் முடியும். ஒழுங்கு தவறினால்தான் அசிங்கம்.

கழிப்பறைக் கழிவு போகும் பிளாக் டேங்க்கின் வால்வை, முழு இணைப்பில் நிற்கும்போதும் மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடிப்போய் திடக்கழிவு அடியில் கூம்பாக இறுகிவிடும். பிறகு அதைக் கரைக்கப் பெரும்பாடு. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு திறந்தால் மொத்தமும் வேகத்தோடு போகும். கழுவிச் சுத்தம் செய்யும் நம் வழக்கம் இங்கே உண்மையில் நல்லது, தண்ணீர் அதிகம் போகப்போக அடைப்பு குறையும். காகிதம் என்றால் ஆர்விக்கென விற்கும் எளிதில் கரையும் வகை மட்டும். ஈரத் துடைப்பான் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது.

கழிவு கொட்டும் இடத்தில் வண்டியை நிறுத்தியதும், முதலில் கையுறை. இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகு மூடியைக் கழற்றுங்கள். மூன்று அங்குலக் குழாயை வண்டியில் மாட்டி, முள் இரண்டும் கொக்கியில் விழும் வரை திருகுங்கள். அரைகுறையாக மாட்டிய குழாய் அழுத்தத்தில் கழன்றுவிடும். மறுமுனையில் கண்ணாடி போன்ற முழங்கை இணைப்பை வைத்துத் தரைத் துளையில் அழுத்துங்கள். இப்போது பிளாக் டேங்க் வால்வை ஒரே இழுப்பில் முழுதாகத் திறங்கள். முழங்கையில் ஓடுவதைப் பாருங்கள். சத்தம் நின்றதும் மூடிவிடாதீர்கள். கழிப்பறை வழியாக இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி, முழங்கையில் தெளிவாக வரும் வரை விடுங்கள். அதை மூடிய பிறகு கிரே டேங்க்கைத் திறங்கள், சோப்புத் தண்ணீர் குழாயை அலசிக்கொண்டு போகும். வரிசை மாறினால் குழாய் நாற்றத்தோடு பெட்டிக்குள் போகும். கடைசியில் வண்டிப் பக்க முனையை முதலில் கழற்றி, தூக்கிப் பிடித்து, குழாயில் மிஞ்சியதைத் துளைக்குள் வடியவிடுங்கள். பிளாக் டேங்க்கில் ஒரு வாளித் தண்ணீரும் கழிவுத் தொட்டிக்கான மருந்தும் ஊற்றி வைத்தால் அடுத்த முறை அடியில் ஒட்டாது. அங்குள்ள கழுவும் குழாயில் குடிநீர் பிடிக்காதீர்கள்.

கடலில் இறங்கிக் குளிக்கலாமா?

கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோடையிலும் தண்ணீர் 13, 14 டிகிரியை ஒட்டித்தான். கார்மெலுக்குத் தெற்கே மொனாஸ்டரி பீச் என்று ஒன்று இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் செங்குத்தாக இறங்குகிறது. முழங்கால் தண்ணீரில் நின்றவர்களை அலை அடித்து உள்ளே இழுத்துப் பல உயிர்கள் போயிருக்கின்றன. குழந்தைகளை அங்கே மணலில்கூட அலைக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

விறகு கொண்டுபோகலாமா?

வேண்டாம். முகாமில் வாங்குங்கள். வெளியூர் விறகில் ஒட்டி வரும் பூச்சியும் நோயும் இந்தப் பக்கத்து ஓக் மரங்களைக் கொல்கின்றன.

மூன்று இரவுக்கு எவ்வளவு ஆகும்?

சான் ஹோசேயிலிருந்து போய்வர, உள்ளூர்ச் சுற்றலோடு 200 மைல் வைத்துக்கொள்வோம். வண்டி கேலனுக்கு 9 மைல் கொடுத்தால் 22 கேலன். கேலன் 5 டாலர் என்றால் 110 டாலர். வாடகை இரவுக்கு 150 முதல் 250 டாலர் வரை சீசனைப் பொறுத்து மாறும். மைல் கட்டணம், ஜெனரேட்டர் மணிக்கட்டணம், பாத்திரம் படுக்கைத் தொகுப்பு, துப்புரவு என்று தனித்தனியாகச் சேரும். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டுங்கள். முகாம், மாநிலப் பூங்கா என்றால் 35 டாலரிலிருந்து, முழு இணைப்புத் தனியார் இடம் என்றால் 100 டாலரை ஒட்டியும் மேலேயும். கூட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கு விடுதியைவிட மலிவு என்று சொல்ல முடியாது. நாலைந்து பேர், மூன்று வேளையும் சொந்தச் சமையல் என்றால்தான் கணக்கு உதைக்காது.

வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போதும் நகர்த்தும்போதும் எதைப் பார்ப்பது?

வாங்கும்போது கூரையின் நான்கு மூலைகளையும் ஏணியேறிப் படம் எடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தப் படம்தான் பேசும். டயரின் பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறேழு ஆண்டு தாண்டிய டயர், பட்டன் தேயாமல் இருந்தாலும், வேறு வண்டி கேளுங்கள்.

முகாமிலிருந்து ஒவ்வொரு முறை நகரும் முன்னும் ஒருவர் வண்டியை முழுதாகச் சுற்றி வரட்டும்: கூரை மூடிகள், ஆன்டெனா, பந்தல், மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவு மூடி, சக்கரக் கட்டை. இன்னொருவர் உள்ளே ஃபிரிட்ஜ் கதவுக் கொக்கி, அலமாரிகள், அடுப்பின் மேல் குக்கர் ஆகியவற்றைப் பார்க்கட்டும். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் கேஸை மூடிவிட வேண்டும். கடைசியாக, கதவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கட்டு உள்ளே போய்விட்டதா என்று குனிந்து பாருங்கள். முகாம் வாசல் கம்பத்தில் முதலில் மாட்டுவது அதுதான்.